கேமிங் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கறீங்களா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ஒரு கீபோர்டு நல்லதா இல்லையான்னு பாக்கறப்போ நான் அத ரெண்டா பிரிச்சுப்பேன், வாங்கின பிறகு நாம மாத்திக்க முடியறது எது, மாத்தவே முடியாதது எது. கீ மேல இருக்கற மூடிய, அதாவது கீகேப்ப மாத்தலாம், ஹாட்ஸ்வாப் (சால்டரிங் இல்லாம பிடுங்கி மாட்டற வசதி) இருந்தா ஒவ்வொரு கீக்கும் அடியில இருக்கற சுவிட்ச மாத்தலாம், கேபிள கழட்டி வேற போடலாம். ஆனா பாடி, லேஅவுட், உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு, சாஃப்ட்வேர் இதெல்லாம் வாங்கின அன்னிக்கு எப்படி இருக்கோ அப்படியே கட்டிட்டு அழ வேண்டியதுதான். அதனால மாத்த முடியாதத மொதல்ல பாருங்க. இப்ப கேள்விக்கு வரலாம்.

கேள்வி: அக்கா, சுவிட்சுல ரெட், ப்ரவுன், ப்ளூ இதுல எது எடுக்கறது? கேமுக்கு ரெட்டுதான்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சொல்றாங்க.

பதில்: ரெட்டு லீனியர் தம்பி, மேலருந்து கீழ வரைக்கும் எங்கயும் தட்டாம வழுக்கிட்டு போகும். செர்ரி கம்பெனியோட எம்எக்ஸ் ரெட்ல மொத்தம் 4 மில்லிமீட்டர் எறங்கும், 2 மில்லிமீட்டர்லயே கீ பதிவாயிடும், அமுக்க 45 சென்டிநியூட்டன் விசை போதும், கிட்டத்தட்ட 45 கிராம்னு வச்சுக்க. ப்ரவுன்ல நடுவுல ஒரு சின்ன மேடு விரலுக்கு தெரியும், சத்தம் இல்ல. ப்ளூல மேடும் உண்டு, டிக்குனு சத்தமும் உண்டு. ப்ளூல ஒரு சிக்கல் இருக்கு, பதிவாகற எடத்த விட நல்லா மேல வந்தாதான் கீ ரீசெட் ஆகும், அதாவது அடுத்த அமுக்கலுக்கு தயாராகும், அதனால ஒரே கீய படபடன்னு தட்டற கேம்ல விரல ரொம்ப தூக்க வேண்டியிருக்கும். கூடவே மைக்ல உன் டீம் முழுக்க அந்த டிக்டிக்க கேட்டுட்டு இருக்கும். ரெட்டுதான் எடுக்கணும்னு சட்டம் எல்லாம் கிடையாது, நிறைய டைப் பண்றவனா இருந்தா ப்ரவுன்லயும் தாராளமா ஆடலாம். ஸ்பீட் சில்வர்னு ஒண்ணு இருக்கு, 1.2 மில்லிமீட்டர்லயே பதிவாயிடும், கீ மேல விரல கனமா வச்சிருக்கற பழக்கம் இருந்தா நீ நெனைக்காத நேரத்துல க்ரனேட் கையவிட்டு போயிடும். இன்னொண்ணு, கலர் பேர மட்டும் நம்பாத, செர்ரியோட பேட்டன்ட் முடிஞ்ச பிறகு கேட்டரான், கைல்னு நிறைய பேர் செய்றாங்க, ஒரே கலர்ல கம்பெனிக்கு கம்பெனி கனம் வேற, வழுவழுப்பு வேற.

கேள்வி: 8000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட்னு டப்பால போட்டிருக்காங்களே மேடம், 1000 இருக்கறத விட நெஜமாவே வித்தியாசம் தெரியுமா?

பதில்: கணக்க பாருங்க. 125 ஹெர்ட்ஸ்னா 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ கம்ப்யூட்டர் கீபோர்ட கேக்கும், 1000ன்னா 1 மில்லிசெகண்டு, 8000ன்னா 0.125. 125லருந்து 1000க்கு போனா மிச்சம் கணிசமா இருக்கு, 1000லருந்து 8000க்கு போனா அதிகபட்சமே 0.875 மில்லிசெகண்டுதான் மிச்சம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃப்ரேம் மாற 16.7 மில்லிசெகண்டு ஆகுது, 144ல கூட 6.9. அது மட்டும் இல்லாம, சாதா சுவிட்ச்ல ரெண்டு உலோகத் தகடு முட்டறப்போ கொஞ்ச நேரம் துள்ளும், அந்த துள்ளல ரெண்டாவது அமுக்கலா எடுத்துக்க கூடாதுன்னு கீபோர்டுக்குள்ள ஓடற ப்ரோக்ராம், அதாவது ஃபர்ம்வேர் காத்திருக்கும், டிபௌன்ஸ்னு பேரு, பல கீபோர்டுல 5 மில்லிசெகண்டு வச்சிருப்பாங்க. அங்க 5 போகுது, இங்க முக்கால் மிச்சம் பண்ணி என்ன ஆகப்போகுது? சில கீபோர்டு மொத முட்டலயே உடனே அனுப்பிட்டு அப்புறம் வர்ற துள்ளல கண்டுக்காம விட்டுடும், அது நல்ல முறை. கம்பெனி சொல்ற நம்பர விட, கீய அமுக்கினதுலருந்து கம்ப்யூட்டருக்கு போய் சேர்ற மொத்த நேரத்த அளந்து காட்டற ரிவ்யூவ தேடுங்க. 1000 ஹெர்ட்ஸ் இருந்தா அந்த விஷயத்த அதோட விட்டுடலாம்.

கேள்வி: ஹால் எஃபெக்ட், ரேபிட் ட்ரிகர்னு இப்ப எங்க பாத்தாலும் அதே பேச்சு. காசு குடுத்து வாங்கற அளவுக்கு என்னதான் இருக்கு?

பதில்: இது நெஜமாவே பெரிய மாத்தம்ங்க, விளம்பரம் மட்டும் இல்ல. இதுல தகடு முட்டற வேலையே கிடையாது. சுவிட்ச் தண்டுக்கு அடியில ஒரு காந்தம் இருக்கு, போர்டுல இருக்கற சென்சார் அந்த காந்தம் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு பாத்துட்டே இருக்கும், அதனால எந்த ஆழத்துல கீ பதிவாகணும்னு நாமளே வச்சுக்கலாம், டபிள்யூக்கு ஒண்ணு, க்ரனேட் கீக்கு ஒண்ணுன்னு தனித்தனியா கூட.

ரேபிட் ட்ரிகர் என்னன்னு சொல்றேன். கவுன்டர் ஸ்ட்ரைக்ல நீங்க ஏ கீய அமுக்கி இடது பக்கம் ஓடறீங்க, எதிரி தெரியறான், உடனே நின்னு சுடணும், ஓடிட்டே சுட்டா குண்டு கண்ட எடத்துக்கு போகும். அதனால ஏவ விட்டுட்டு டிய ஒரு தட்டு தட்டுவோம், ஆள் டக்குனு நிப்பான். சாதா சுவிட்ச்ல நீங்க ஏவ அடிவரைக்கும் அமுக்கி வச்சிருந்தா, விரல் மேல வந்து அந்த ரீசெட் புள்ளிய தாண்டற வரைக்கும் கீபோர்டு உங்க கை இன்னும் ஏலதான் இருக்குன்னு நெனச்சுக்கும். ரேபிட் ட்ரிகர்ல எந்த ஆழத்துல இருந்தாலும் சரி, விரல் துளி மேல நகர்ந்தாலே விட்டாச்சுன்னு எடுத்துக்கும், மறுபடி துளி எறங்கினா அமுக்கியாச்சு. மாட்டின மொத நாள் கொஞ்சம் தடுமாறும், விரல் சும்மா நடுங்கினாலே ஆள் நின்னு நின்னு நடப்பான், அப்ப அந்த தூரத்த கொஞ்சம் கூட்டி வச்சுக்கங்க.

ஊட்டிங் கம்பெனிதான் இத கேமர்ஸ் நடுவுல பிரபலமாக்கினது, இப்ப நிறைய பேர் போடறாங்க. வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். இதுல வர்ற சுவிட்ச் அநேகமா எல்லாமே லீனியர்தான், மேடு வேணும்னா இது உங்களுக்கு ஆகாது. அப்புறம் ஹாட்ஸ்வாப்னு போட்டிருந்தாலும் சாதா மெக்கானிக்கல் சுவிட்ச பெரும்பாலும் இதுல போட முடியாது, காந்த சுவிட்சுலயே எது பொருந்தும்னு லிஸ்ட் பாத்துதான் வாங்கணும். ஷூட்டர் கேம்ல போட்டிக்கு ஆடறவங்களுக்கு கண்டிப்பா வாங்கலாம்னு சொல்வேன். கதை கேம், ஸ்ட்ராட்டஜி, கார் ரேஸ்னு ஆடறவங்க அந்த காச நல்ல பாடிக்கும் நல்ல ஸ்டெபிலைசருக்கும் (ஸ்பேஸ்பார் மாதிரி பெரிய கீ சாயாம இருக்க அடியில வர்ற கம்பி) குடுங்க.

கேள்வி: அதுல ஸ்னாப் டாப் போட்டா பேன் பண்ணிடுவாங்களாமே?

பதில்: ஸ்னாப் டாப், ரேபிட் ட்ரிகர் ரெண்டும் வேற வேற. ஸ்னாப் டாப்ன்றது ஏவ விடாமலே டிய அமுக்கினா கீபோர்டே ஏவ விட்ட மாதிரி காட்டிடும். ரேசர் கம்பெனி 2024 ஜூலைல கொண்டு வந்தாங்க, மத்தவங்களும் வேற பேர்ல போட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல அந்த கேம் செய்ற வால்வ் கம்பெனி கவுன்டர் ஸ்ட்ரைக் 2 அஃபிஷியல் சர்வர்ல இத தடை பண்ணிட்டாங்க, கண்டுபிடிச்சா மேட்ச்லருந்து வெளிய தள்ளிடும். ரேபிட் ட்ரிகருக்கு அந்த தடை கிடையாது, ஏன்னா அங்க விரல நகத்தறது நீங்கதான். என் கருத்தும் அதேதான், நின்னு சுடற டைமிங் கத்துக்க வேண்டிய திறமை, அத கீபோர்டு செய்யக்கூடாது. அந்த கேமுக்குன்னு தனி ப்ரொஃபைல் வச்சு அதுல ஆஃப் பண்ணிடுங்க.

கேள்வி: அக்கா என் கீபோர்டுல 100 மில்லியன் அமுக்கல் தாங்கும்னு போட்டிருக்கு, வருஷம் கூட திரும்பல, ஈ கீய ஒரு தடவ அமுக்கினா ரெண்டு விழுது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: அந்த நம்பர் மெஷின் வச்சு அமுக்கி எடுத்தது தம்பி, உன் ரூம் தூசியும் ஈரமும் அங்க கிடையாது. ஹாட்ஸ்வாப் கீபோர்டா? அப்படின்னா ஈ சுவிட்ச பிடுங்கி, நீ தொடவே தொடாத ஸ்க்ரோல் லாக் சுவிட்சோட எடம் மாத்தி போட்டு பாரு. போடறப்போ ரெண்டு பின்னும் நேரா இருக்கான்னு வெளிச்சத்துல பாத்துட்டு போடு, வளஞ்சிருந்தா சாக்கெட் உள்ள மடங்கிடும். சுவிட்சோட சேந்து கோளாறும் எடம் மாறிச்சுன்னா சுவிட்ச் போச்சு, ஈலயே நின்னா சாக்கெட்டோ போர்டோதான் போச்சு. பாத்துட்டு சொல்லு.

கேள்வி: ஷிஃப்ட், டபிள்யூ, ஸ்பேஸ் சேத்து அமுக்கினா சில சமயம் குதிக்க மாட்டேங்குது. கீபோர்டு பழுதா?

பதில்: பழுது இல்ல, அமைப்பே அப்படி. கீ எல்லாம் குறுக்கும் நெடுக்குமா ஒரு கட்டத்துல கோத்திருக்கும், ஒவ்வொரு கீக்கும் டயோடு போடலன்னா சில மூணு கீ சேரும்போது எது அமுக்கினதுன்னு அதுக்கே குழம்பும், அதனால ஒண்ண விட்டுடும். தனி சுவிட்ச் இல்லாத மலிவான மெம்ப்ரேன் கீபோர்டுல இது சகஜம். மெக்கானிக்கல்ல என்கேஆர்ஓ இருக்கான்னு பாருங்க, எத்தன கீ சேத்து அமுக்கினாலும் எல்லாம் பதியும். 6 கீ மட்டும்னு இருந்தாலும் ஷிஃப்ட், கன்ட்ரோல் மாதிரி கீ அதுல சேராது, தனி கணக்கு, பெரும்பாலான கேமுக்கு அதுவே போதும். ஒரே கீபோர்டுல ரெண்டு பேர் ஆடறதா இருந்தா மட்டும் என்கேஆர்ஓ விடாதீங்க.

கேள்வி: வீடியோல எல்லா கீபோர்டும் அருமையா கேக்குது. நேர்ல பாக்கறப்போ எத வச்சு தரம் கண்டுபிடிக்கறது?

பதில்: வீடியோ சத்தம் மைக்குக்கு மைக், மேசைக்கு மேசை மாறும், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. நேர்ல கெடச்சா நேரா ஸ்பேஸ்பாருக்கு போங்க. இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு எடத்துல மெதுவா தட்டுங்க. மூணும் ஒரே சத்தம், ஒரே கனம்னா ஸ்டெபிலைசர் நல்லா செட் பண்ணிருக்காங்க. ஒரு ஓரத்துல மட்டும் கலகலன்னு கம்பி ஆடுற சத்தம் வந்தாலோ, அமுக்கி விட்டா ஒரு பக்கம் லேட்டா மேல வந்தாலோ, அங்கதான் காசு மிச்சம் புடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் என்டர், பேக்ஸ்பேஸ், இடது ஷிஃப்ட். ஏ, எஸ், டி எல்லாம் மோசமான கீபோர்டுல கூட ஓரளவு நல்லாத்தான் இருக்கும், பெரிய கீதான் உண்மைய சொல்லும். லேசா கலகலத்தா கம்பி முட்டற எடத்துல கெட்டி க்ரீஸ் கொஞ்சம் வச்சா சரியாயிடும், கம்பியே வளஞ்சிருந்தா வாங்காதீங்க.

கேள்வி: 60 பர்சன்ட் சைஸ் வாங்கலாமா? கேம் மட்டும்தான் ஆடறேன்.

பதில்: ஆரோ கீ, மேல எஃப் வரிசை ரெண்டும் தனியா இருக்காது, பரவால்லயா? மவுஸ் சென்சிடிவிட்டி கம்மியா வச்சு கைய அகலமா வீசி ஆடறவங்களுக்கு சின்ன கீபோர்டு பெரிய வரம். எஃப் கீல ஸ்கில் வச்சிருக்கற கேம் ஆடினா 75 பர்சன்ட் சைஸோ, நம்பர் பேட் மட்டும் இல்லாத டிகேஎல்லோ எடுங்க. சைஸ் பின்னாடி மாத்த முடியாத விஷயம், அதனால ஒரு வாரம் எந்த கீ எல்லாம் தொடறீங்கன்னு கவனிச்சுட்டு வாங்குங்க.

கேள்வி: கீகேப் பிபிடியா ஏபிஎஸ்ஸா?

பதில்: ரெண்டும் ப்ளாஸ்டிக் வகைதான், பிபிடி சீக்கிரம் பளபளன்னு வழவழப்பாகாது, அவ்ளோதான். டபுள் ஷாட்னா, அதாவது எழுத்த தனி ப்ளாஸ்டிக்ல வார்த்திருந்தா, எழுத்து அழியவே அழியாது. கீழ் வரிசை ஸ்டாண்டர்ட் அளவான்னு மட்டும் பாத்துக்கங்க, ஸ்பேஸ்பார் 6.25 யூனிட் (ஒரு எழுத்து கீயோட அகலம் ஒரு யூனிட்) இருந்தா கடைல விக்கற எந்த செட்டும் அநேகமா பொருந்தும்.

கேள்வி: வயர்லெஸ் எடுத்தா லேட்டன்சி, அதாவது தாமதம் வருமா?

பதில்: கூட வர்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்ல, அதாவது யூஎஸ்பில மாட்டற சின்ன ரிசீவர்ல ஆடுங்க, நல்ல கீபோர்டுல அது 1000 ஹெர்ட்ஸ் தாங்கும், வயருக்கும் அதுக்கும் உங்க கைக்கு வித்தியாசம் தெரியாது. ப்ளூடூத் வேலைக்கு, கேமுக்கு வேணாம். டாங்கிள யூஎஸ்பி 3 போர்ட்ல பக்கத்துலயே ஹார்ட்டிஸ்க்கோட ஒட்டி மாட்டாதீங்க, அந்த போர்ட்லருந்து வர்ற இரைச்சல் அதே 2.4 அலைவரிசைய கெடுக்கும், கீ விட்டு விட்டு பதியும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மேசை மேல வச்சா சரியாயிடும்.

கேள்வி: சாஃப்ட்வேர் பத்தி யாரும் பேசறதே இல்லையே, முக்கியமில்லயா?

பதில்: ரொம்ப முக்கியம், கேட்டதுக்கு நன்றி. சில கீபோர்டுல லைட்ட மாத்தவே அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ண சொல்லுது, பின்னாடி ஓடிட்டே இருக்கு, எடுத்துட்டா செட்டிங் எல்லாம் போயிடுது. எனக்கு அது ஆகவே ஆகாது. செட்டிங் கீபோர்டோட சொந்த மெமரில உக்காரணும், வேற கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் அப்படியே வேலை செய்யணும். எந்த கம்பெனியையும் நம்பி இல்லாத க்யூஎம்கே ஃபர்ம்வேர், அதுல கீய மாத்த உதவற வியா சாஃப்ட்வேர், இதுக்கு சப்போர்ட் இருந்தா ரொம்ப நல்லது, கம்பெனி நாளைக்கு கடைய மூடினாலும் கீய மாத்திக்கற வழி உங்க கைல இருக்கும்.

கேள்வி: அக்கா, நான்தான், ஈ கீ ரெண்டு தடவ விழுதுன்னு கேட்டவன். மாத்தி போட்டேன், இப்ப ஸ்க்ரோல் லாக் ரெண்டு தடவ அடிக்குது, ஈ சரியாயிடுச்சு!

பதில்: அப்ப போர்டு தப்பிச்சுது, சுவிட்ச்தான் போச்சு. வாரன்டில கேட்டு பாரு, இல்லன்னா அதே ரகத்துல சில்லறையா வாங்கிக்க, வேற ரகம் போட்டா அந்த ஒரு கீ மட்டும் கனம் மாறி விரல உறுத்தும். உன் போர்டு 3 பின்னா 5 பின்னான்னு பாத்துட்டு வாங்கு, சுவிட்சோட ரெண்டு உலோக பின்னும் நடுவுல இருக்கற தடிமனான காலும் சேந்து 3, ஓரத்துல ரெண்டு ப்ளாஸ்டிக் கால் கூட இருந்தா 5. 5 பின் போர்டுல ரெண்டு வகையும் உக்காரும், 3 பின் போர்டுன்னா 5 பின் சுவிட்சோட அந்த ரெண்டு ப்ளாஸ்டிக் கால நெயில் கட்டரால ஒட்ட வெட்டிட்டு போடணும், உலோக பின் பக்கம் கட்டர் போகாம பாத்துக்க.