இடையில் யாருமில்லை

அன்புள்ள ஐயா,

ஜமீன்தாரி முறையில் இருந்த இடைத்தரகர் ரயத்துவாரியில் இல்லை, அரசே உழவனுக்கு நேரடியாகப் பட்டா கொடுத்தது என்று படித்திருக்கிறேன். அம்முறையை வகுத்த மன்றோவைக் கொண்டாடியவர்களும் உண்டு. தாங்கள் மட்டும் ஏன் குறை காண்கிறீர்கள்?

கார்த்திகேயன், ஓசூர்

அன்புள்ள கார்த்திகேயன்,

உங்கள் ஊருக்கு அடுத்த பாராமகாலில்தான் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) 1792இல் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் இந்த முறைக்கு அடிபோட்டார்கள். மன்றோ நல்லவரா என்பதில் எனக்கு அக்கறையில்லை. தீர்வையில், அதாவது நிலவரியில், கால் பங்கைக் குறைக்கச் சொன்னவரும் அவர்தான், இருக்கட்டும். ஆனால் 'இடைத்தரகர் இல்லை' என்பதைப் பாடநூலில் படித்த அன்றோடு யோசிப்பதை நிறுத்திவிட்டீர்களே! ஊர்க் கணக்கெழுதிய கர்ணமும் வரி வசூலித்த தாசில்தாரும் யார்? வரிக்காக விரல்களைக் கிட்டியில் இறுக்கியதையும், மாட்டுக்குப் பூட்டுவதுபோல் மனிதனைக் கழுத்தோடு காலைச் சேர்த்துக் கட்டி அண்ணாந்தாள் பூட்டியதையும் பதிவு செய்த சென்னை விசாரணைக் குழுவின் 1855ஆம் ஆண்டு அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். மூன்று மாதங்களில் அக்குழுவுக்கு வந்த முறையீடுகள் 1,959.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. தீர்வை பணமாகக் கேட்கப்பட்டது. தானியத்தில் பங்கு கேட்கிறவன் விளைச்சல் பொய்த்தால் தானும் இழப்பான்; ரூபாய் கேட்கிற சர்க்காருக்கு, வஜா என்ற வரித் தள்ளுபடி கொடுத்தாலொழிய, இழப்பில்லை. கிஸ்தி என்ற வரித் தவணையின் தேதி வரும்போது கேழ்வரகு களத்திலேயே கிடக்கும், அல்லது எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வருவதால் விலை படுத்துக் கிடக்கும். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிர்ணயித்த தீர்வை, 1930களின் மந்தத்தில் தானிய விலை சரிந்தபோது, கூடவே சரிந்துவிடவில்லை. அப்போது சர்க்காருக்கும் ரயத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தவர் வட்டிக்கடைக்காரர். பட்டாவில் பெயர் இல்லாத இடைத்தரகர்.

என் பாட்டியின் பித்தளை அண்டாவை நான் தேய்த்திருக்கிறேன். அதன் விளிம்புக்குக் கீழே ஆணியால் கீறிய ஓர் எண் இருந்தது, 47. பெயருக்கு அடையாளமோ என்று கேட்டபோது, "உங்க தாத்தா கிஸ்திக்கு அடகு வெச்ச நம்பர்டா, மூணு தடவை போய் வந்துச்சு" என்றாள். மூன்று தடவைக்கும் ஒரே எண் எப்படி என்று கேட்குமளவுக்கு எனக்கு அப்போது வயதில்லை. அடகுக்காரர் அழித்து எழுதச் சோம்பியிருக்கலாம், அல்லது எங்கள் அண்டா திரும்பவும் வரும் என்று தெரிந்தே அந்த எண்ணை ஒதுக்கி வைத்திருக்கலாம். வீட்டில் விசேஷமென்றால் எண் இருக்கும் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்த பிறகுதான் பாட்டி அதில் தண்ணீர் நிரப்புவாள்.