போன் வீட்டுக்கு வரும் நேரம்

கேள்வி: ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். தினமும் மாலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கணக்கு வீடியோவும் வீட்டுப்பாடமும் போடுகிறேன். 28 பிள்ளைகளில் 11 பேர் பார்ப்பதே இல்லை. நிறுத்திவிடலாம் என்றால், மற்ற பெற்றோர் "நல்லா இருக்கு டீச்சர், நிறுத்தாதீங்க" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- ஓர் ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: அந்த 11 பேரால் பார்க்க முடிகிறதா என்பதை முதலில் விசாரியுங்கள், டீச்சர்.

2021-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது நானும் இப்படித்தான் குழுவில் பாடம் அனுப்பினேன். ஒரு பையனின் நோட்டில் விடைகள் மட்டும் வரிசையாக இருந்தன, கணக்கே இல்லை. 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதினேன். அப்புறம் ஒருநாள் வீட்டுக்குப் போனேன். அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். வீட்டுக்கு ஒரே போன், காலை ஏழு மணிக்கு அவரோடு கிளம்பிவிடும். இரவு எட்டுக்குத் திரும்பும்போது அன்றைய நெட் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் சார்ஜ் இருக்காது. பையன் இரண்டு தெரு தள்ளி நண்பன் வீட்டு வாசலில் நின்று விடையை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். அந்தச் சிவப்பு மை இன்னும் என்னை உறுத்துகிறது.

வீடியோவை நிறுத்த வேண்டாம். வகுப்பிலேயே முதலில் காட்டிவிடுங்கள். குழுவில் போடுவது, திரும்பப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக மட்டும் இருக்கட்டும். வீட்டுப்பாடம் கரும்பலகையில்தான். போன் இருந்தால்தான் செய்ய முடியும் என்கிற எந்த வேலைக்கும் மதிப்பெண் வைக்காதீர்கள்.

ஸ்மார்ட் போர்டு இல்லையா? பரவாயில்லை. 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. திக்‌ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்து, வேண்டிய வீடியோவை முந்தின நாளே உங்கள் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் பள்ளியில் நெட் தேவையில்லை. ஏழு ஏழு பேராக உட்காரவைத்துக் காட்டுங்கள். மற்றவர்கள் அதுவரை கணக்குப் போடட்டும். பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன வரும்?" என்று கேளுங்கள். ஊரடங்கில் கல்வித் தொலைக்காட்சி போன் இல்லாத பல வீடுகளுக்குக் கை கொடுத்தது உண்மைதான். ஆனால் புரியாத இடத்தில் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாதே! வகுப்பில் நீங்கள் இருக்கிறீர்கள்.

"யார் வீட்டில் போன் இல்லை, கை தூக்குங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கூசிப்போவார்கள். தனித்தனியாகப் பேசி, போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது, பட்டன் போனா, டச் போனா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பட்டன் போன் வீடுகளுக்கு வாரம் ஒரு தடவை இரண்டு நிமிடம் பேசினாலே போதும். அந்தத் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடந்தால் தன்னார்வலரிடமும் சொல்லி வையுங்கள்.

இதற்கெல்லாம் உங்கள் சொந்தப் போனும் சொந்த நெட்டும்தான் செலவாகின்றன என்பது எனக்குத் தெரியும். வருகைப்பதிவும் அதே போனில்தானே? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லி, பள்ளிக்கென்று ஒரு டேப் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, திங்கட்கிழமை முதல் ஏழு பேரை அழைக்கும்போது, அந்தப் பதினொருவரில் ஒரு பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.