வானிலை நிலையம் மழையைக் குறைத்துக் காட்டுகிறதா? முழுத் தொகுதியையும் மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு வானிலை நிலையத்துக்கு மூன்று வயது. சில மாதங்களாக மழை அளவு குறைவாகவே பதிவாகிறது. பக்கத்தில் வைத்திருக்கும் சாதாரணக் குழாய் மழைமானியில் 40 மி.மீ. இருந்தால், வீட்டுக்குள் இருக்கும் திரையில் (கன்சோலில்) 28தான் வருகிறது. சர்வீஸுக்கு வந்தவர் கன்சோலில் ஏதோ ஒரு எண்ணை மாற்றினார், சரியாகவில்லை. இப்போது வெளியே இருக்கும் சென்சார் தொகுதியையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அநேகமாக வேண்டாம். வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாம் ஒழுங்காக வரும்போது மழைக்காக மட்டும் முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்வதற்கு விற்பனை என்றுதான் பெயர்.

மழைமானியின் புனலில் விழும் நீர் உள்ளே ஒரு சிறு வாளியில் இறங்கும். நிரம்பியதும் வாளி சாய்ந்து கொட்டும், ஒவ்வொரு சாய்வையும் ஒரு சுவிட்ச் எண்ணும். முதலில் அவர் தொட்ட அந்த எண்ணுக்கு வருவோம். கன்சோலில் அளவைச் சரிசெய்யும் (கேலிபரேஷன்) பகுதியில் மழைக்கு ஒரு பெருக்கல் எண் இருக்கும். அது 1.00 ஆக இருக்க வேண்டும். மழை குறைகிறது என்று புகார் வந்ததும் அதை 1.3, 1.4 என்று ஏற்றிவிட்டுப் போவது பலருக்கு வாடிக்கை. மழைமானிக்குள் வாளியைத் தடுப்பது சிலந்தி வலை என்றால் அது அப்படியே இருக்கும், கணக்கு மட்டும் வீங்கும். நாளைக்கு வலை தானாக அறுந்தால் 10 மி.மீ. மழை 14 ஆகத் தெரியும். இன்றே அதை 1.00க்குத் திருப்புங்கள். அதே பக்கத்தில் 'ஒரு சாய்வுக்கு எத்தனை மி.மீ.' என்ற அமைப்பும் இருந்தால் பாருங்கள். ஒரு சாய்வுக்கு 0.254 மி.மீ. எண்ண வேண்டிய கருவிக்கு 0.2 என்று வைத்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கு மழை காணாமல் போகும். பழுதே இல்லாமல் ஒரு பழுது!

அடுத்து, கடைசியாகப் பெய்த மழையின் வரைபடத்தைப் பாருங்கள். மழை நின்ற பிறகும் நெடுநேரம் சிறிது சிறிதாக எண்ணிக்கை ஏறியிருந்தால் புனலின் துளை அடைத்திருக்கிறது. மழையோடு சேர்ந்தே கணக்கும் நின்றுவிட்டு, மொத்தம் மட்டும் குறைந்தால், கோளாறு வாளியிலோ சுவிட்சிலோ இருக்கும்.

திறக்கும் முன் பேட்டரியையோ மழைமானியின் கேபிளையோ கழற்றுங்கள். இல்லையேல் நீங்கள் துடைப்பதெல்லாம் மழையாகப் பதிவாகும். புனலில் பறவை எச்சம், இலைத்தூள், குளவி மண் இருக்கும். துளையைக் கம்பியால் குத்திப் பெரிதாக்காதீர்கள், மென்மையான பிரஷ் போதும். உள்ளே ஊஞ்சல்பலகை போல இரு பக்கமும் மாறி மாறிச் சாயும் சிறு வாளி இருக்கிறது. அதன் அச்சில் வலை, எறும்பு மண் இருந்தால் நீக்கிவிட்டு, வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சால் வாளியைத் துடையுங்கள். அச்சுக்கு எண்ணெய் விடவே கூடாது. தூசு ஒட்டி மறுபடி இறுகும். வாளியின் உட்புறத்தை விரலால் தேய்க்கவும் வேண்டாம். கைப்பிசுக்கில் தண்ணீர் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டு முழுதாக வடியாது.

பிறகு மின்சாரத்தை இணைத்து, வாளியை விரலால் மெதுவாக 20 முறை சாயுங்கள். 0.2 மி.மீ. கருவியானால், சிறிது நேரத்தில் கன்சோலில் 4.0 மி.மீ. கூடியிருக்க வேண்டும். 2.8 வந்தால் குற்றவாளி பிடிபட்டது: வாளி சாய்கிறது, சுவிட்ச் எண்ணவில்லை. வாளியில் ஒரு காந்தம், எதிரே கண்ணாடிக் குழாய்க்குள் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் இணையும் சுவிட்ச்), அவ்வளவுதான் அமைப்பு. காந்தத்தின் பசை விட்டு நகர்ந்திருக்கலாம், சுவிட்ச் ஓய்ந்திருக்கலாம். மின்சாரத்தை மறுபடி துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் (இணைப்பு கிடைத்தால் ஒலிக்கும் அமைப்பில்) வைத்துச் சுவிட்சின் இரு முனைகளிலும் பிடியுங்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு சிறு 'பீப்' கேட்க வேண்டும். புது சுவிட்சைப் பொருத்த எந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்காலும் முடியும். கம்பியைக் கண்ணாடிக்கு ஒட்டி மடக்கினால் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். விரலளவு கூட இல்லாத பாகம் இது. இதைத் தனியாக விற்க மனமில்லாமல் முழுத் தொகுதியை நீட்டும் நிறுவனங்களை என்னவென்று சொல்வது?

எண்ணிக்கை சரியாக வந்தால் மழைமானியின் வாய் விளிம்பில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கம்பம் சரிந்திருந்தால் வாளியின் இரு பக்கமும் சமமாக நிரம்பாது. நிமிர்த்திவிட்டுத் தண்ணீர்ச் சோதனைக்கு வாருங்கள். புனல் வாயின் பரப்பளவு தேவை. பல கையேடுகளில் அதை அச்சிடுவதே இல்லை, நீங்களே அளக்க வேண்டியதுதான். உள்விட்டம் 16 செ.மீ. என்றால் ஆரம் 8. 8 × 8 × 3.14 = சுமார் 201 சதுர செ.மீ. ஆகவே 201 மி.லி. தண்ணீர் 10 மி.மீ. மழைக்குச் சமம், 0.2 மி.மீ. கருவியில் 50 சாய்வு. பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசித்துளை போட்டு, ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். 48 முதல் 52 வரை வந்தால் கருவி நலம். அதற்குக் கீழே வந்தால், வாளிக்கு அடியில் உள்ள இரு திருகுகளையும் ஒரே அளவு, கால் சுற்றுக்கு மேல் போகாமல், மேல்நோக்கி ஏற்றி மறுபடி சோதியுங்கள். ஒன்றை மட்டும் திருகினால் சமநிலை கெடும்.

இதில் ஒரு விலக்கை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். கொட்டித் தீர்க்கும் மழையில் நல்ல கருவியும் சற்றுக் குறைத்தே காட்டும். வாளி கவிழும் அந்தக் கணத்திலும் புனலிலிருந்து நீர் விழுந்துகொண்டேதான் இருக்கும். அது ஏற்கெனவே நிரம்பிய பக்கத்தில் விழுந்து கணக்கில் சேராமல் போகும். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்தால் 0.2 மி.மீ. வாளி 7.2 விநாடிக்கு ஒருமுறை சாயும். சாய்வுக்கு அரை விநாடி என்று வைத்து, அப்போது விழுவது முழுவதும் வீணாகிறது என்றே கொண்டாலும் இழப்பு 7 சதவீதத்தைத் தாண்டாது. தூறலில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. எனவே அடைமழையில் மட்டும் ஐந்தாறு சதவீதம் குறைந்தால் திருகைத் தொடாதீர்கள். தொட்டால் சாதாரண மழையெல்லாம் கூடுதலாகப் பதிவாகும். தண்ணீரை மடமடவென்று ஊற்றிச் சோதிப்பவர்கள் இந்த இழப்பைத்தான் 'கருவி கெட்டுவிட்டது' என்று உங்களிடம் காட்டுகிறார்கள். உங்களுக்குக் குறைவதோ 30 சதவீதம். அதை அடைமழையின் தலையில் கட்ட முடியாது.

கேலிபரேஷன் செய்து சான்றிதழும் தருகிறேன் என்று யாராவது வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை மி.லி. ஊற்றினீர்கள், எத்தனை நிமிடத்தில், எத்தனை சாய்வு வந்தது? மூன்று எண்ணும் அந்தத் தாளில் இல்லையென்றால் பணம் தராதீர்கள்.