தோட்டப்புற ஊர் உணவகங்களில் டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் டிப்ஸ் கொடுப்பது கட்டாயமா, நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயமில்லை. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கான கூட்டரசுக் குறைந்தபட்ச ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே இருப்பதால், அங்கே வாடிக்கையாளர் தரும் பணம் சம்பளத்தின் பகுதியாகிவிட்டது; மலேசியாவிலோ 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட் என்னும் குறைந்தபட்சச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும். பெரிய உணவகங்களின் ரசீதில் காணும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் அரசாங்க வரி அன்று. ஆனால், அது இருக்குமிடத்தில் மேலும் கொடுப்பது தேவையற்றது என்பதே என் கருத்து.

நம் ஊர்க் கடைகளில் அக்கட்டணம் பெரும்பாலும் இல்லை. மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் ரசம் ஊற்றி, இலையெடுத்து மேசை துடைக்கும் அண்ணனின் கையில் நேரடியாகக் கொடுக்கும் இரண்டு ரிங்கிட் அவரையே சேரும். பின்கட்டில் பாத்திரம் கழுவும் அக்காவுக்கோ அதில் ஒரு காசும் போகாது. கல்லாப் பக்கத்து டப்பாவில் போட்டால் இருவருக்கும் கிடைக்கலாம், முதலாளி நேர்மையானவராக இருந்தால். இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு: தாராளமாகக் கொடுப்பவரின் மேசைக்கே கவனிப்பு முதலில் போகத் தொடங்கினால், சம்பள நாளுக்கு முன் ஒரு தே தாரிக்கும் ரொட்டி சானாயும் மட்டும் கேட்டு அமர்ந்திருக்கும் தோட்டத் தொழிலாளிதான் காத்திருக்க நேரும்.