பதில்: சொல் தெரிகிறது, வரி புரியவில்லை (தர்க்கசங்கிரகம்)

முதலாண்டு சமஸ்கிருத இலக்கணம் தேறியும், நியாய தர்க்கத்தின் தொடக்க நூலான தர்க்கசங்கிரகத்தில் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, அகராதி இருந்தும் பொருள் கூடவில்லை என்கிறீர்கள். சிக்கல் சொல்வளத்தில் இல்லை, தொகைகளில், அதாவது பல சொற்கள் சேர்ந்து ஒன்றான சமாசங்களில். சாஸ்திர உரைநடையில் வினைமுற்று குறைவு. வேலை முழுவதையும் சமாசமும் வேற்றுமையும்தான் செய்கின்றன.

தொகையைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் பிரியுங்கள். 'இந்த்ரியார்த்தஸந்நிகர்ஷஜன்யம் ஞானம்' என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் 'ஜன்யம்': பிறந்தது. எதனால்? ஸந்நிகர்ஷத்தால். எவற்றின் ஸந்நிகர்ஷம்? இந்த்ரியம், அர்த்தம் இரண்டின். ஆக, புலனும் பொருளும் கூடுவதால் பிறந்த ஞானம்; அதுதான் பிரத்யக்ஷம் (நேரடிக் காட்சி). முன்னாலிருந்து அகராதி பார்த்தால் நான்கு சொல்லும் கிடைக்கும், உறவு கிடைக்காது. ஒவ்வொரு தொகைக்கும் விக்ரக வாக்கியத்தை (தொகையை வேற்றுமையோடு பிரித்துச் சொல்லும் தொடரை) கையால் எழுதுங்கள்: இந்த்ரியார்த்தயோ: ஸந்நிகர்ஷ:, தேன ஜன்யம். மனத்துக்குள் பிரித்தால் வேற்றுமையை மழுப்பிவிடுவோம்.

அடுத்த பொறி '-த்வாத்'. 'பர்வதோ வஹ்னிமான், தூமவத்த்வாத்': இங்கே ஐந்தாம் வேற்றுமை காரணம் சொல்கிறது. மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால். பலரும் இதை மலைக்கு அடைமொழியாகப் படித்து அனுமானத்தையே தொலைக்கிறார்கள். இந்த விகுதியைக் கண்டதும் ஹேது (காரணம்) என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

மூலத்தைத் தேவநாகரியிலேயே படியுங்கள். தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப வர்க்கங்களின் ஒலி வேறுபாடு மறைந்து, அகராதியில் தப்பான பக்கத்தைப் புரட்ட வைக்கும். மொழிபெயர்ப்பை உங்கள் விக்ரகத்தைச் சரிபார்க்க மட்டும் திறங்கள். தீபிகை உரை இப்போது வேண்டாம்; அதன் ஆட்சேப–சமாதான நடை (மறுப்பை எழுப்பி விடை சொல்லும் நடை) இன்னொரு பயிற்சி, மூலம் ஒருமுறை முடிந்தபின் எடுக்கலாம்.