பாதையைத் தெரிந்தவர் (வாசகர் கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒரு சமூகச் சுற்றுச்சூழல் கல்வி மையத்தில் ஆறு வருடங்களாகப் பயிற்றுநராக இருக்கிறேன். ஒரு குளம், அதைச் சுற்றிக் கொஞ்சம் மரங்கள், ஒரு நடைபாதை, நாற்றங்கால், இரண்டு அறைகள். இவ்வளவுதான் எங்கள் மையம். பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வருவார்கள், மூன்று மணி நேரம் இருப்பார்கள், கடைசியில் உறுதிமொழி சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். போன மாதம் ஒரு பையன் உறுதிமொழி சொல்லி முடித்த கையோடு தண்ணீர் பாட்டிலை எங்கள் வாசலிலேயே வீசிவிட்டுப் பேருந்தில் ஏறினான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்களோடு 19 வருடங்களாக இருக்கும் தோட்டக்காரர் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கப் போவதில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் வரவேற்பறையில் பெரிய தொடுதிரை வைக்கிறார்களாம். என் வேலையும் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இப்போது நானே என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். மூன்று மணி நேரத்தில் யாரை மாற்றிவிட முடியும்? விட்டுவிடலாமா ஐயா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பாட்டில். எனக்கோ உங்கள் கடிதத்தில் தோட்டக்காரர் விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பாட்டிலைப் பார்த்துவிடுவோம்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவரைக் கூட்டத்தோடு நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, யாரோ எழுதிய வரிகளைத் திருப்பிச் சொல்லவைத்தால் அது அவருடைய சொல் ஆகாது. 1977 அக்டோபரில் திபிலிசி நகரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து நடத்திய மாநாடு, சூழல் கல்வியின் நோக்கங்களை ஐந்தாகப் பிரித்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. உறுதிமொழி என்பது முதல் படியில் நின்றுகொண்டு ஐந்தாவது படியில் இருப்பதாகச் சொல்வது. ஒன்று தெரிந்துவிட்டால் மனிதர் அதன்படி நடந்துவிடுவார் என்ற நம்பிக்கை பொய்த்துப் பல காலம் ஆகிறது. உங்களால் முடிந்தால் அந்த உறுதிமொழியை எடுத்துவிடுங்கள். மிச்சமாகும் பத்து நிமிடத்துக்குப் பிள்ளைகளை இன்னொரு தடவை குளக்கரைக்கு அனுப்புங்கள்.

மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் உங்களுடையதைப் போன்ற ஒரு மையத்தில் ஒரு முழுநாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த பயிற்றுநர் பெண் அதிகம் பேசாதவர். கைப்பிடி வைத்த வலையைக் குளத்தின் ஓரத்தில், செடிகளின் வேர்களுக்கு நடுவே இரண்டு தடவை இழுத்தார். வலையில் வந்ததை, கொஞ்சம் குளத்துத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். தட்டு வெள்ளையாக இருந்தால்தான் சேற்று நிற உயிர்கள் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் வைத்தார். சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும், உள்ளே இருப்பவை திணறும்.

தட்டில் முதலில் இலைச்சருகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு சருகில் ஒரு துண்டு நகர்ந்தது. ஆறு கால், தட்டையான உடம்பு, பெரிய கண்கள். ஒரு சிறுமி குனிந்து, "இது கடிக்குமா?" என்று கேட்டாள். பயிற்றுநர், "கொஞ்ச நேரம் பாரு" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகள் பார்த்தார்கள். அது வயிற்றின் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, அந்த உந்தலில் ஒரு விரற்கடை தூரம் முன்னால் பாய்ந்தது. கொசுப்புழு ஒன்று நெளிந்துகொண்டே பக்கத்தில் வந்தது. தலைக்கடியில் மடித்து வைத்திருந்த கீழுதடு, கை நீள்வதுபோல் சட்டென்று வெளியே வந்து புழுவைப் பிடித்தது. சிறுமி இரண்டடி பின்னால் போனாள். உடனே மூன்றடி முன்னால் வந்தாள்.

பயிற்றுநர் எழுந்து போய், கரையிலிருந்த கோரைத் தண்டிலிருந்து எதையோ மெதுவாக எடுத்துவந்து சிறுமியின் உள்ளங்கையில் வைத்தார். தட்டில் இருந்ததன் அதே உருவம், உள்ளே ஒன்றுமில்லை. முதுகில் ஒரு கீறல். மூச்சு பட்டாலே அசைகிற அளவுக்கு லேசானது. "இது அது கழற்றிப் போட்ட சட்டை. இதுக்குள்ள இருந்தது இப்போ எங்க இருக்குன்னு தேடு" என்றார். சிறுமி தண்ணீரைப் பார்த்தாள், தண்டைப் பார்த்தாள். அப்புறம் அவள் தலைக்கு மேல் ஒரு தட்டான் பறந்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன். "அப்போ தட்டான் தண்ணிக்குள்ளயா இருந்துச்சு?" என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அந்தச் சட்டை அந்தத் தண்டில் இருக்கிறது என்பது பயிற்றுநருக்கு முன்பே தெரிந்திருந்தது. காலையில் பிள்ளைகள் வருமுன் நடைபாதையைச் சுற்றி வரும்போது பார்த்து வைத்திருக்கிறார். அவருக்கு அதைக் காட்டியது அந்த மையத்தின் தோட்டக்காரர்.

பெரியவர்கள் ஆனபின் சூழலுக்காக வேலை செய்பவர்களிடம் "உங்களை இங்கே கொண்டுவந்தது எது?" என்று கேட்ட ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் தாமஸ் டானர் 1980-ல் இதைத் தொடங்கிவைத்தார். பிறகு லூயிஸ் சாவ்லா கென்டக்கியிலும் நார்வேயிலும் சூழல் ஆர்வலர்களை நேரில் கண்டு பேசி, 1999-ல் வெளியிட்டார். திரும்பத் திரும்ப வந்த பதில்களில் இரண்டு முக்கியமானவை: சின்ன வயதில் சுற்றித் திரிந்த ஓர் இயற்கையான இடம், அதைக் கூடவே இருந்து காட்டிய ஒரு பெரியவர். இந்த ஆய்வுகள் வந்து சேர்ந்தவர்களைத்தான் கேட்டன, வராமல் போனவர்களைக் கேட்கவில்லை. அதனால் இதை வாய்ப்பாடுபோல் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனாலும் அந்த "ஒரு பெரியவர்" என்ற இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பாட்டிலை வீசிய பையனுக்கும் நீங்கள் அப்படி இருந்திருக்கலாம். அது இன்றைக்குத் தெரியாது. பதினைந்து வருடம் கழித்துக்கூட உங்களிடம் யாரும் வந்து சொல்லாமல் போகலாம். இந்த வேலையில் இருக்கும் கஷ்டமே இதுதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது தோட்டக்காரர். இதுபோன்ற மையங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கட்டடத்தையும் கண்காட்சியையும் சொல்கிறார்கள். பிள்ளைகள் வருமுன் பாதை முழுக்க நடந்து, முறிந்து தொங்கும் கிளையையும் புதிதாகக் கட்டிய குளவிக்கூட்டையும் பார்த்துவருவது யார்? பேருந்து தாமதமானால் பள்ளிக்குப் பத்து தடவை போன் செய்வது யார்? எந்தக் குழந்தைக்குத் தேனீ கொட்டினால் ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதி வைப்பவர், போகும்போதும் வரும்போதும் தலைகளை எண்ணுபவர், மழை நாளில் வழுக்கும் படியில் மணல் போடுபவர், அடுத்த வருட நிதிக்காக இரவில் உட்கார்ந்து அறிக்கை எழுதுபவர். மையம் என்றால் இவர்கள்தான். இவர்களில் ஒருவர் 19 வருடம் ஒரே இடத்தில் இருந்திருக்கிறார் என்றால், அந்த இடத்தின் நினைவு அவரிடம் இருக்கிறது. குளம் எந்த வருடம் வற்றியது, எந்த மூலையில் தண்ணீர் முதலில் நாற ஆரம்பிக்கும், எந்தப் பறவை எந்த மாதம் வரவில்லை என்பதெல்லாம் தொடுதிரைக்குத் தெரியாது. அதை யாராவது அவரிடம் கேட்டு அதில் ஏற்றினால்தான் உண்டு.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு கோபுரம் இருக்கிறது. உயிரியலாளரும் நகரத் திட்டமிடலில் முன்னோடியுமான பேட்ரிக் கெடஸ் 1892-ல் அதை எடுத்து நடத்தினார். உச்சியில் கேமரா அப்ஸ்க்யூரா. இருட்டறையில், வெள்ளை மேசைமேல், வெளியே இருக்கும் தெரு அசைந்துகொண்டே படமாக விழும். வருபவர் முதலில் மேலே போய்த் தன் ஊரை அப்படிப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தளமாக இறங்கி, நகரம், நாடு, ஐரோப்பா என்று கடைசியில் தரைத்தளத்தில் உலகத்துக்கு வந்து சேர வேண்டும். பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கு என்பதை ஒரு கட்டடமாகவே எழுப்பிக் காட்டினார் அவர். சூழல் கல்வி மையம் என்ற எண்ணத்துக்கே அது ஒரு மூத்த உறவு என்று நான் நினைக்கிறேன். 1914-ல் கெடஸ் இந்தியாவுக்குக் கிளம்பினார். கோபுரத்துக்கு உயிர் கொடுத்தவர் அவர், அவரோடு அந்த உயிரும் மெல்லப் போயிற்று. கேமரா இன்றும் இருக்கிறது. இன்று அந்தக் கட்டடம், கண்ணை ஏமாற்றும் காட்சிகளைக் காட்டும் சுற்றுலாத் தலம். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கெடஸ் அதை எதற்காக நடத்தினாரோ, அது அங்கே இல்லை.

உங்கள் நிர்வாகத்திடம் இதைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம். திரை வாங்கினால் நிதி கொடுத்தவருக்குப் படம் எடுத்து அனுப்பலாம். ஒரு மனிதருக்கு 12 மாதச் சம்பளம் கொடுத்ததை எப்படிப் படம் எடுப்பது? இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஓர் இடத்தை அறிய பல பருவங்கள் வேண்டும் என்பது இந்தத் துறையின் முதல் பாடம். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆளுக்கோ ஒவ்வொரு வருடமும் வேலை முடிந்து மறுபடி தொடங்குகிறது.

அதனால் "சேவை" என்று சொல்லி உங்களை அங்கேயே இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை வைத்துக் குறைந்த சம்பளத்துக்கு ஆட்களை வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது. வீட்டில் பணம் தேவைப்பட்டால், வேறு நல்ல வேலை கிடைத்தால், குற்ற உணர்ச்சி இல்லாமல் போங்கள். ஆனால் அந்தப் பாட்டிலுக்காகப் போகாதீர்கள். ஆறு வருடம் என்பது ஓர் இடம் உங்களோடு பேச ஆரம்பிக்கிற நேரம்.

இருப்பதானால், ஒரு நோட்டு போடுங்கள் என்பது மட்டும்தான் என் யோசனை. உங்கள் குளத்துக்கு ஒரு செக்கித் தட்டு செய்துகொள்ளுங்கள். 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, மத்தியதரைக் கடலில் போப்பின் கப்பலிலிருந்து வெள்ளை வட்டத்தட்டுகளைக் கயிற்றில் இறக்கித் தண்ணீரின் தெளிவை அளந்தார். இன்று குளம் ஏரிகளுக்குப் பயன்படுத்துவது 20 செ.மீ. அகலத் தட்டு, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பங்கு. கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். நடுப்பகலில், வெயில் தண்ணீரில் பளபளக்காத நிழல் பக்கத்திலிருந்து, எப்போதும் ஒரே இடத்தில். எட்டு வயதுப் பிள்ளை அழகாகச் செய்யும். ஒரு நாள் அளவுக்கு ஒரு மதிப்பும் இல்லை. வாரம் ஒரு தடவை, ஐந்து வருடம் எழுதினால் அந்தக் குளத்தின் ஜாதகம் உங்கள் கையில். எழுதிய பிள்ளையின் பெயரையும் பக்கத்தில் போடுங்கள். அடுத்த வாரம் வருகிற பிள்ளை அந்தப் பெயருக்குக் கீழே எழுதட்டும். மூன்று மணி நேரம் வந்துபோனவர்கள் அப்போது ஒரு நீண்ட வேலையில் ஆளுக்கு ஒரு வரியாக இருப்பார்கள்.

அந்த நோட்டின் முதல் பக்கங்கள் தோட்டக்காரருடையவையாக இருக்க வேண்டும். அவர் ஓய்வு பெறுமுன் இரண்டு மூன்று காலை நேரங்களை எப்படியாவது ஒதுக்குங்கள். பேட்டி மாதிரி உட்காரவைத்துக் கேட்காதீர்கள், ஒன்றும் வராது. பாதையில் அவரை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போங்கள். அவர் நிற்கிற இடத்தில் நில்லுங்கள். ஏன் நின்றார் என்று அப்போது கேளுங்கள். மரத்தின் பெயரை அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். போனில் பதிவு செய்வதானால் முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொடுதிரை வந்தே தீரும் என்றால், அதில் முதலில் வர வேண்டியது அவர் சொன்னவைதான், அவர் பெயரோடு. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

எந்தக் காலை என்று முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவர் சம்மதித்தால் நானும் வருகிறேன். நீங்கள் அவரைக் கேட்டுக்கொண்டு நடக்கும்போது நோட்டைப் பிடித்து எழுத ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

அன்புடன்