பஸ்ஸில் வரும் படபடப்பு

கேள்வி: கோட்டையில் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறி பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கைவிரல் விறைக்கிறது. இப்போதெல்லாம் பாதி வழியில் இறங்கி ஓட்டோ பிடிக்கிறேன். ஈசிஜி, தைரொய்ட் எல்லாம் சரியாம். வீட்டில் "மனப்பிரமை" என்கிறார்கள். யூடியூப்பில் நரம்புத் தொகுதியை 'ரீசெட்' பண்ணச் சொல்கிறார்கள். என் நரம்புகள் பழுதாகிவிட்டனவா அக்கா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பழுதாகவில்லை தங்கச்சி. பிரமையும் இல்லை. ஆபத்து என்று உடம்பு நினைத்தால், அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் அதை முடுக்கிவிடும். அதிரனலின் சுரக்கும், இதயம் அடித்துக்கொள்ளும். பாம்பைக் கண்டால் நடக்க வேண்டியது உங்களுக்கு பஸ்ஸில் நடக்கிறது. அவ்வளவுதான்.

விரல் ஏன் விறைக்கிறது தெரியுமா? மூச்சுப் போதவில்லை என்று தோன்றும்போது நாம் வேக வேகமாக இழுக்கிறோம். அதனால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறிக் குறைகிறது. விறைப்பும் தலைச்சுற்றும் அதிலிருந்துதான். அதைக் கண்டு இன்னும் பயந்து, இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறோம்.

இரவு படுக்குமுன் இரண்டு விரலால் மணிக்கட்டு நாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்புச் சற்று விரையும். மெல்ல விடும்போது தணியும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போடும் பிரேக் அது. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். படபடப்பு இல்லாத நேரத்தில்தான் இதைப் பழக வேண்டும். நெரிசலில் நின்றுகொண்டு முதன்முதலாகச் செய்தால் சரிவராது.

'ரீசெட்' பொத்தான் ஒன்றும் உடம்பில் கிடையாது. எந்நேரமும் அமைதியாக இருப்பதும் ஆரோக்கியம் இல்லை. ஏறிய வேகம் இறங்கத் தெரிந்தால் சரி.

எனக்குக் கவலை அந்த ஓட்டோதான். இறங்கியதும் நிம்மதி வருகிறதல்லவா? "தப்பித்துவிட்டோம், பஸ் ஆபத்து" என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. நாளைக்கு வழக்கமாக இறங்கும் இடத்தில் இறங்காமல் அடுத்த தரிப்பிடம் வரை இருந்து பாருங்கள். பிறகு கொள்ளுப்பிட்டி வரை. படபடப்பு வரட்டும்; உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். மூச்சுப் பயிற்சியை அதை விரட்டுகிற தடியாக்காதீர்கள். வெறும் வயிற்றில் கோப்பி குடித்துவிட்டு ஓடுகிறவர் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள்!

இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால், அல்லது தூக்கம் கெட்டால், மனநல வைத்தியரிடம் போங்கள். மருந்து மட்டுமல்ல, கதைத்துச் செய்யும் சிகிச்சையும் உண்டு. உடனே யாரிடமாவது கதைக்க வேண்டும் போலிருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்; தமிழிலேயே கதைக்கலாம்.